புதுசா எதுவும் செய்யாத நாலு பேரு

தாமிரபரணிக்கு இந்தக் கரையிலயும் சரி, அந்தக் கரையிலயும் சரி, புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. அந்தக் கணக்குல சேராத நாலு பேரு நாங்க.

நயினார் அண்ணாச்சி பாத்திரக்கடை வச்சிருக்காரு. வயசுல மூத்தவரு, அதனால அவருதான் தலைவரு. ஜெபராஜ் இன்சூரன்ஸ் ஏஜென்ட். இசக்கிராஜுக்கு சைக்கிள் கடை. எனக்கு ஜெராக்ஸ் கடை. சொந்தமா எதையும் யோசிக்க வேண்டாத தொழில், எனக்குன்னே அமைஞ்சது.

நாங்க ஓட ஆரம்பிச்சது என் சகலையால. கோயம்புத்தூர்ல மாசம் ஒரு மாரத்தான் ஓடி, மெடலைக் கடிச்சபடி போட்டோ எடுத்து குடும்ப குரூப்புல போடுவாரு. அதுக்குக் கீழ அவரு வீட்டுக்காரி, என் மதினி, "உங்க வீட்டுல யாரும் ஓடலையா?"ன்னு தவறாம கேப்பா. என் வீட்டுக்காரி சொர்ணம் ஒருநாள் பொங்கிட்டா.

"எங்க அக்கா முன்னால நான் தலை நிமிரணும். ஒரே ஒரு மெடல் கொண்டாங்க, போதும். தெருவுக்கே சொல்லி வச்சிட்டேன்."

ஆத்தோரமா பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒண்ணு வந்துச்சு. குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்கிற எல்லாருக்கும் மெடல் உண்டு. முட்டிவலியோட நாலு மாசம் பழகினோம். இசக்கி சைக்கிள்ல மணியடிச்சுக்கிட்டு முன்னால போவான், நாங்க மூணு பேரும் பின்னால ஓடுவோம். பாதி வழியில அவன் இறங்கி ஓடுவான், நான் ஏறிக்கிடுவேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் டீக்கடையில முடிப்போம்.

ஸ்டேடியத்துல பயிற்சி குடுக்கிற ஆல்வின் சார் கடைசியா ஒரு புத்தி சொன்னாரு: "போட்டி அன்னைக்குப் புதுசா எதையும் செய்யாதீங்க. பழகினதை மட்டும் செய்யுங்க."

புது ஷூ, புதுச் சாப்பாடு, அதைத்தான் அவரு சொன்னாரு. எங்களுக்கு அப்போ அது தெரியாது. தெரிஞ்சிருந்தா மட்டும் என்னத்தக் கிழிச்சிருக்கப் போறோம்?

அண்ணாச்சி உடனே கூட்டம் போட்டாரு. "எதெல்லாம் புதுசு, சொல்லுங்க வே."

"நெஞ்சுல நம்பர் குத்துவாங்கல்லா, அது புதுசு"ன்னாரு ஜெபராஜ்.

நான் நாலு நம்பர் அடிச்சுக் குடுத்தேன். ஜெராக்ஸ்ங்கிறதால நாலுலயும் ஒரே நம்பர். அதைக் குத்திக்கிட்டே ஒரு வாரம் வேலைக்குப் போனோம். ஜெபராஜ் பாலிசி பேசப் போன வீட்டுல, "ஜெயில்ல இருந்து எப்போ வந்தீய?"ன்னு கேட்டிருக்காங்க.

"கூட்டத்துக்குள்ள ஓடுறதும் புதுசுதான்"னேன் நான்.

மறுநாள் காய்கறி மார்க்கெட்டுக்குள்ள ஓடினோம். திருடனுவன்னு நெனச்சு வெரட்டினாங்க. அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம்.

போட்டிக்கு முந்தின நாள் இசக்கி முகம் வாடி வந்தான். "அண்ணாச்சி, கொக்கிரகுளத்துல ஒரு நாயி தினமும் நம்மள வெரட்டும்லா? நாளைக்கு அது வராட்டி?"

எல்லாருக்கும் பகீர்ன்னு ஆயிட்டு.

"நாயில்லாம ஓடுறது புதுசுதான் வே"ன்னாரு அண்ணாச்சி. "யாராவது குரைக்கணும்."

சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஜெபராஜ் பேரு வந்துச்சு.

போட்டியில சைக்கிளை விட மாட்டேன்னுட்டாங்க. இசக்கி ஹேண்டில்பாரை மட்டும் கழத்தி எடுத்துக்கிட்டான். அவன் மணியடிச்சுக்கிட்டே முன்னால ஓட, ஜெபராஜ் குரைச்சுக்கிட்டே பின்னால வர, நடுவுல அண்ணாச்சியும் நானும். பாதி வழியில ஹேண்டில்பார் என் கைக்கு வந்துச்சு. முன்னால போனவங்கல்லாம் திரும்பிப் பாத்துட்டு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடினாங்க. நாங்க பழகின வேகத்துலயே போனோம்.

கடைசியா வந்தாலும் நேரம் முடிய அஞ்சு நிமிஷம் மிச்சம் இருந்துச்சு. முன்னால முடிவுக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மெடல் மாட்டுற பொண்ணு. அவ பக்கத்துல போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு சொர்ணம்.

ஒரு முழம் இருக்கும்போது அண்ணாச்சி கையைத் தூக்கினாரு. "நில்லுங்க வே! தினமும் எங்க முடிப்போம்?"

"டீக்கடையில."

"இந்தக் கோட்டை என்னைக்காவது தாண்டியிருக்கமா?"

மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க எல்லாரும் குனிஞ்சு கோட்டைப் பாத்தோம்.

"பின்பக்கமாத் தாண்டினா?"ன்னு இசக்கி கேட்டான்.

"அது அதைவிடப் புதுசு வே."

நான் சொர்ணத்தைப் பாத்தேன். பாவம், சேலைகூட புதுசு உடுத்திருந்தா. மனசு தாங்காம ஒரு காலைத் தூக்கிட்டேன். நாலு மாசம் சார் பேச்சைக் கேட்டுட்டு, கடைசி ஒரு எட்டுல தட்டலாமா? தூக்கின காலைத் திரும்ப இந்தப் பக்கமே வச்சேன்.

"ஏங்க, கோட்டி பிடிச்சிருக்கா? ஒரு எட்டு வைங்க!"ன்னு சொர்ணம் கத்தினா. மைக்குல கடைசி நிமிஷம்னு சொல்லிட்டாங்க. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு கோட்டைத் தாண்டி எங்க பக்கம் வந்து என் கையைப் பிடிச்சு இழுத்தா. நான் அண்ணாச்சியைப் பிடிச்சேன், அண்ணாச்சி இசக்கியைப் பிடிச்சாரு, இசக்கி ஜெபராஜைப் பிடிச்சான். ஜெபராஜ் குரைச்சாரு.

"கூறுகெட்ட சவங்களா, நில்லுங்க இங்கேயே!"ன்னு கையை உதறிட்டு சொர்ணம் விறுவிறுன்னு திரும்பிப் போனா. கோட்டைத் தாண்டினதும் அந்தப் பொண்ணு கை தட்டி, அவ கழுத்துல மெடலை மாட்டிட்டா. விசில் ஊதிட்டாங்க. நேரம் முடிஞ்சு போச்சு.

சொர்ணம் மெடலைப் பாத்தா. எங்களைப் பாத்தா. அப்புறம் அதை நறுக்குன்னு கடிச்சு ஒரு போட்டோ எடுத்து குரூப்புல போட்டுட்டா. அக்காகிட்ட இருந்து சாயங்காலம் வரைக்கும் பதிலே இல்ல. எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, அவளை நெனச்சுப் பெருமையாவும் இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால நாலு பேரும் அவ முன்னால கை கட்டி நின்னோம்.

"நாங்க நாலு மாசம் ஓடியும் வரல. நீ ஒரே நாள்ல வாங்கிட்ட. என்ன பயிற்சி தாயி எடுத்த?"ன்னு அண்ணாச்சி கேட்டாரு.

"என்னத்தப் பயிற்சி! காலையில நாலரைக்கு எந்திச்சு இட்லி அவிச்சு வச்சிட்டு வந்தேன், அவ்வளவுதான்!"

அண்ணாச்சி நோட்டுல எழுதிக்கிட்டாரு.

அடுத்த ஓட்டம் தை மாசம். தினமும் நாலரைக்கு நாலு பேரும் ஷூ மாட்டிக்கிட்டு எங்க வீட்டு அடுப்படிக்கு வந்துருதோம். சொர்ணம் ஏழு மணி வரைக்கும் தூங்குதா. நேத்தோட எண்ணூறு இட்லி ஆயிருக்கு. ஜெபராஜுக்குத்தான் இன்னும் துணியில இருந்து பிய்யாம எடுக்க வரல. ஆனா ஒண்ணு சொல்லணும், நாலு மாசமா எங்களைப் பாடாப் படுத்தின முட்டிவலி சுத்தமாப் போயிட்டு.