மங்கை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஏன் சூடு ஏறுச்சு

ஒரு ஊர்ல, பண்ருட்டிக்குப் பக்கத்துல, ஒரு ஓட்டு வீடு. அந்த வீட்ல ஒரு பொண்ணு இருந்தா. முழுப்பேரு மங்கையர்க்கரசி, கூப்பிடறது மங்கை. அவளுக்கு என்ன வேலை தெரியுமா? வீட்ல உக்காந்தபடியே கம்ப்யூட்டர்ல பேனர் செய்யறது. கல்யாணம், காதுகுத்துன்னு ரோட்டோரமா பெருசு பெருசா கட்டியிருப்பாங்களே, அந்த பேனர்தான். இவ செஞ்சு அனுப்புனா, டவுன்ல இருக்கற பிரஸ்காரர் அடிச்சுக் குடுத்துடுவாரு. கேக்கறியா? ம் சொல்லு.

"ம்."

வீட்ல மூணே பேரு. மங்கை, அவ புருஷன் தணிகாசலம், அப்புறம் மாமியார் சிவபாக்கியம். தணிகாசலம் பஸ் ஓட்டறவரு, காலைல போனா பொழுது சாஞ்சுதான் வருவாரு. பகல் பூரா மருமகளும் மாமியாரும்தான். சிவபாக்கியத்துக்கு அதட்டிப் பேசவே வராது. பலாப்பழம் அறுத்தா, மருமக கை பிசுபிசுன்னு ஒட்டுனா மவுசு பாழாப் போயிடும்னு, தானே கொட்டைய எடுத்துட்டு சுளைய அவ வாய்ல ஊட்டிடுவாங்க. அப்படி ஒரு மாமியார். அந்த வீட்ல ஒரே ஒரு குறை, இன்னும் ஒரு பாப்பா வரல. ஆனா அதப் பத்தி மட்டும் ரெண்டு பேரும் பேசிக்கறதே இல்ல. பேசுனா இன்னொருத்தர் மனசு நோகுமோன்னு இவளுக்கும் பயம், அவங்களுக்கும் பயம்.

அப்புறம் ஒரு தடவை மங்கை அம்மா வீட்டுக்குப் போய் கொஞ்ச நாள் இருந்துட்டுத் திரும்பி வந்தா. வந்ததும் வேலை காத்துக்கிட்டு இருக்கு. கவின்நிலான்னு ஒரு குட்டிப் பாப்பாவுக்கு மறுநாள் காதுகுத்து. சாயங்காலத்துக்குள்ள பேனர் வரலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்னு பிரஸ்காரர் சொல்லிட்டாரு. ஒரு தடவை வேற ஆளுக்குப் போன வேலை திரும்பி வருமா? வராது.

உக்காந்தா. பாப்பா போட்டோவ ஓரம் பிசிறில்லாம வெட்டுனா. தலைல ஒரு கிரீடம் வெச்சு, கிரீடத்துல கல்லு கல்லாப் பதிச்சா. அப்போ... டப். கம்ப்யூட்டர் அணைஞ்சு போச்சு.

கரண்டு போச்சான்னு நிமிந்து பாத்தா, மேல ஃபேன் கிர்ரு கிர்ருன்னு சுத்துது. சரி, வயரு லூசா இருக்கும்னு புடுங்கித் திரும்பச் சொருகுனா. உசுரு வந்துச்சு. ஆனா கிரீடம் போச்சு. அவ சேவ் பண்ணவே இல்ல.

மறுபடி கிரீடம் வெச்சா. இந்தத் தடவை பாப்பாவ ஒரு மயில் மேல உக்கார வெச்சா. மயில் தோகைய விரிச்சா பாரு, அப்போ... டப்.

யுபிஎஸ் பொட்டிதான் கெட்டுப்போச்சு போலன்னு, அதக் கழட்டிட்டு நேரா செவுத்து பிளக்குலயே மாட்டுனா. பாப்பாவுக்கு ஜிமிக்கி போட்டா, பேரு எழுதுனா. க, வி, ன்... டப்.

"ம்..."

தூங்கிடாத, இனிமேதான் இருக்கு. அவ கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கற செல்வினுக்கு போன் போட்டா. அவரு கடலூர்ல இருந்தாரு, இன்னைக்கு வர முடியாதுன்னாரு. போட்ட உடனே அணையுதா, கொஞ்ச நேரம் ஓடிட்டு அணையுதான்னு கேட்டாரு. கொஞ்சம் ஓடிட்டுத்தான்னு இவ சொன்னா. கம்ப்யூட்டர் பொட்டி மேல கைய வெச்சுப் பாருங்கன்னாரு. வெச்சா, ஸ்ஸ்ஸ்... தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. உள்ள இருக்கற சூடு வெளிய போக வழி இல்லாம எதோ அடைச்சிருக்கு, அதான் தன்னால அணையுது, பின்பக்கம் பாருங்கன்னு சொல்லி போன வெச்சுட்டாரு.

மங்கை பொட்டிய முன்னால இழுக்கப் போனா. அப்போ சிவபாக்கியம் ஓடி வந்து அவ கையப் புடிச்சாங்க.

"அத நகத்த வேணாம் மங்கை."

இத்தன வருஷத்துல எதுக்குமே வேணாம்னு சொல்லாதவங்க. மங்கைக்குக் கோவம் கூட வந்துச்சு. நேரம் போகுது அத்தை, வேலை போயிடும்னா. சிவபாக்கியம் கைய விட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

சரக்குன்னு பொட்டிய இழுத்தா. பின்பக்கம் பூரா ஒரு பழைய சேலத் துணி, மடிச்சு மூடியிருக்கு. அத்தையோட கத்திரிப்பூ கலர் சேலை. ஒரு மூலைல மட்டும் கொஞ்சூண்டு இடுக்கு. துணியத் தூக்குனா, புஸ்ஸுன்னு மூஞ்சில அனல் அடிக்குது. உள்ள, காத்து போற கம்பி மேல, மண்ணால செஞ்ச சின்னச் சின்ன வீடு. குளவிக்கூடு.

குளவி வந்து கூடு கட்டுனா அந்த வீட்ல பாப்பா பொறக்கும்னு சொல்லுவாங்கல்ல. அதான். மங்கைக்குப் புரிஞ்சு போச்சு. கோவமெல்லாம் எங்க போச்சோ, அப்படியே தரைல உக்காந்துட்டா.

அடுப்படி வாசல்ல நின்னு சிவபாக்கியம் மெதுவாச் சொன்னாங்க. "நீ ஊருக்குப் போனப்போ வந்து கட்டுச்சும்மா. தணிகாசலம் பாத்தா வெளக்கமாத்தால தட்டிடுவான், அதான் மூடி வெச்சேன். மிசினுக்கு மூச்சு முட்டும்னு எனக்குத் தெரியாது." அப்புறம் மூக்க உறிஞ்சிக்கிட்டு, "ஒடச்சுடு. உன் வேலை பெருசு"ன்னாங்க.

மங்கை ஸ்க்ரூ டிரைவர எடுத்தா. சிவபாக்கியம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. கிறுக், கிறுக், கிறுக். திரும்பிப் பாத்தா, கூடு அப்படியே இருக்கு. பொட்டியோட பக்கத்து மூடிதான் கழண்டிருக்கு.

"பின்னால அதுங்க இருக்கட்டும் அத்தை. காத்து இந்தப் பக்கமா போகட்டும்."

அப்புறம் பெயிண்ட் அடிக்கற பிரஷ்ஷ எடுத்து உள்ள இருந்த தூசியெல்லாம் தட்டுனா. ஹச், ஹச், ஹச்சுன்னு ரெண்டு பேருக்கும் தும்மல். டேபிள் ஃபேனக் கொண்டாந்து வெச்சாங்க. அது கழுத்து ஒடஞ்ச ஃபேனு, தலை தொங்கிடும். அதனால சிவபாக்கியம் ஒரு முக்காலியப் போட்டு உக்காந்து, அது தலையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. சர்ர்ர்ருன்னு காத்து. பொட்டி மெல்ல மெல்ல ஆறுச்சு. கிரீடம் வெச்சா, சேவ் பண்ணுனா. மயில் வெச்சா, சேவ் பண்ணுனா. ஜிமிக்கிய இன்னும் பெருசாப் போடுன்னு மாமியார் சொன்னாங்க, போட்டா. டப்புன்னு சத்தமே வரல. பொழுது சாயறதுக்குள்ள பேனர் போயிடுச்சு. நல்லா இருக்குன்னு சொல்லி, அடுத்த வேலையும் பிரஸ்காரர் இவளுக்கே குடுத்தாரு.

அன்னையிலேர்ந்து பொட்டி மூடி இல்லாமதான் ஓடுச்சு. தணிகாசலம் கிட்ட குளவிக்கூட்டத் தொடக்கூடாதுன்னு மங்கையே சொல்லிட்டா.

அப்புறம் ஒரு நாளு, வேலை செஞ்சுக்கிட்டு இருக்கறப்போ, கொறு கொறுன்னு ஒரு சத்தம். ரெண்டு பேரும் எட்டிப் பாத்தாங்க. மண்ணுல ஒரு சின்ன ஓட்டை. அதுலேர்ந்து ஒரு குட்டிக் குளவி தலைய நீட்டுச்சு. மெதுவா வெளிய வந்துச்சு, ஜன்னல் கம்பில நின்னு ரெக்கைய ஒதறுச்சு, ஙொய்ய்ய்ன்னு பலா மரத்துப் பக்கம் பறந்து போச்சு.

சிவபாக்கியம் கன்னத்துல கைய வெச்சுக்கிட்டு, "பாத்தியா, நம்ம வீட்ல பொறந்துடுச்சு"ன்னாங்க.

மங்கைக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவ சிரிக்கறதப் பாத்து அவங்களுக்கும் வந்துடுச்சு. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாங்க. அன்னைக்குத்தான், அத்தை மடில மங்கை தலைய வெச்சுக்கிட்டு, இத்தன நாளு பேசாம வெச்சிருந்த பாப்பா பேச்ச ரெண்டு பேரும் பேசுனாங்க. பேசப் பேச ரெண்டு பேருக்கும் நெஞ்சு லேசாப் போச்சு. என்ன பேசுனாங்கன்னு கேக்கறியா?

ம் சத்தத்தையே காணோமே. சரி, கதையும் கண்ண மூடிடுச்சு. நீ தூங்கு ராசாத்தி.