தானாகத் தட்டிய கால்

பொழுது விடிந்து ஒரு நாழிகை. மூங்கிலோடைத் துறையில் இருபத்துமூன்று புள்ளிமான்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் வளையன்.

வளையனின் வலது முன்னங்கால் தரையைத் தட்டியது. தட், தட், தட்.

மான்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு மான் முன்னங்காலால் தரையைத் தட்டினால் புலி அருகில் இருக்கிறது என்று பொருள். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஓடிவிட வேண்டும்.

மற்ற மான்கள் ஓடின. மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தன. புலி இல்லை. துறையில் வளையன் நின்றது. கால் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அதன் மனைவி செவ்வந்தி.

கூட்டத்தின் தலைவி மருதாயி மூச்சிரைக்க இறங்கி வந்தது.

"வளையா, புலி எங்கே?"

"இல்லை அக்கா."

"பிறகு எதற்கு இன்றும் தட்டினாய்?"

"நான் தட்டவில்லை. கால்தான் தட்டுகிறது."

"உன் கால் உன் பேச்சைக் கேட்காதா?"

"போன மழைக்காலம் வரை கேட்டது."

பின்னால் நின்ற இளமான் ஒன்று சிரித்தது. வளையன் சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் சிரிக்க நினைத்தாலும் அதன் முகம் அசைவதில்லை. சில மான்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டன.

"குட்டிகள் வயிறு நிறையத் தண்ணீர் குடித்து நாளாகிறது," என்றது மருதாயி. "கால் சரியாகும்வரை நீ மூங்கில் புதருக்குள் இரு. எங்களோடு வராதே."

"சரியாகாத வியாதி என்றால்?" என்று கேட்டது செவ்வந்தி.

மருதாயி மேட்டிலிருந்த குட்டிகளை அழைக்கப் போனது.

வளையன் புதருக்குப் போனது. செவ்வந்தியும் கூடவே போனது. அதை யாரும் போகச் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

புதருக்குள் ஒரு குட்டை இருந்தது. வெயிலில் அது நாளுக்கு நாள் சுருங்கியது. ஓடைக்குப் போக வேண்டுமானால் இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் இறங்க வேண்டும். அந்த இடத்துக்கு வந்ததும் வளையனின் கால்கள் தரையோடு ஒட்டியதுபோல் நின்றுவிடும். முன்பெல்லாம் செவ்வந்தி பின்னாலிருந்து தலையால் முட்டி இறக்கிவிடும். இப்போது அதற்குத் தெம்பில்லை.

தூக்கமும் இல்லை. கூட்டத்தில் ஒரு மான் தூங்கினால் மற்றவை விழித்திருக்கும். புதருக்குள் விழித்திருக்க செவ்வந்தி ஒன்றுதான் இருந்தது.

குட்டை சேறாகிவிட்ட ஒரு மத்தியானம், செவ்வந்தி நின்றபடியே கண் அயர்ந்து கீழே விழுந்தது.

மேலே மரத்திலிருந்து மொட்டையன் என்ற குரங்கு இறங்கி வந்தது.

"என்ன அக்கா, படுத்துக்கொண்டே மேய்கிறாயா?"

"தடுக்கிவிட்டது."

"எது தடுக்கியது? இங்கே கல்கூட இல்லையே. கடைசியாக எப்போது தூங்கினாய்?"

செவ்வந்தி யோசித்தது. யோசிக்கும்போதே கண் மூடிக்கொண்டது.

"கூட்டத்திடம் கேட்கலாமே," என்றது மொட்டையன்.

"கேட்டு என்ன ஆகும்? இவர் கால் தட்டும். அவர்கள் ஓடுவார்கள். குட்டிகள் தாகத்தோடு நிற்கும். மருதாயி அக்காவைக் குறை சொல்ல முடியாது."

வளையன் மெல்லிய குரலில் சொன்னது: "நீயாவது போய்விடு என்று தினமும் சொல்கிறேன். இவள் கேட்பதில்லை."

"உங்கள் காலும் கேட்பதில்லை, மனைவியும் கேட்பதில்லை. உங்கள் பேச்சை யார்தான் கேட்கிறார்கள் அண்ணே?"

வளையனின் முகம் அசையவில்லை. ஆனால் அது சிரிக்கிறது என்று செவ்வந்திக்குத் தெரிந்தது.

மொட்டையன் நேராக மருதாயியிடம் போனது.

"அக்கா, புலியை முதலில் பார்ப்பது யார்? நீங்களா, மர உச்சியில் இருக்கும் நானா?"

"நீதான்."

"அப்படியானால் யார் கால் தட்டினாலும் உடனே ஓடாதீர்கள். தலையைத் தூக்கி என்னைப் பாருங்கள். நான் கத்தினால் ஓடுங்கள்."

"குரங்கை நம்பி இத்தனை உயிரையும் ஒப்படைக்கச் சொல்கிறாயா?"

"நான் உதிர்க்கும் இலையை நம்பித் தின்கிறீர்களே. அதில் எத்தனை பேர் செத்தீர்கள்?"

மருதாயி முறைத்தது. பிறகு கேட்டது: "செவ்வந்தி எப்படி இருக்கிறாள்?"

"இன்று விழுந்துவிட்டாள். அப்போது பக்கத்தில் நான் இருந்தேன். அடுத்த தடவை புலி இருக்கலாம்."



"அவளைத் தள்ளி வைக்க நான் நினைக்கவே இல்லை," என்றது மருதாயி. புதரை நோக்கி நடந்தது.

எல்லா மான்களும் சேர்ந்து வளையனை ஓடைக்கு அழைத்து வந்தன. பாறை இடுக்கில் அதன் கால்கள் நின்றுவிட்டன. இரண்டு மான்கள் முட்டித் தள்ளப் போயின.

"முட்டாதீர்கள்," என்றது செவ்வந்தி. "வெறும் தரையில்தான் இவர் நின்றுவிடுவார். குறுக்கே வேர் கிடந்தால் தாண்டிவிடுவார். புதருக்குள் பார்த்திருக்கிறேன்."

மொட்டையன் மூங்கில் கழிகளை ஒடித்து, இடுக்கு நெடுக ஓர் அடிக்கு ஒன்றாகக் குறுக்கே போட்டது. வளையன் முதல் கழியைப் பார்த்தது. கால் எழுந்தது. தாண்டியது. அடுத்ததையும் தாண்டியது. அப்படியே தண்ணீர்வரை போய்விட்டது.

"வளையன் இடுக்கின் பக்கத்தில் நின்றே குடிக்கட்டும்," என்றது மருதாயி. "ஓட நேர்ந்தால் அவன் முதலில். நான் கடைசியில்."

எல்லாம் குடிக்கத் தொடங்கின. சற்று நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. தட், தட், தட்.

மற்ற இருபத்திரண்டு தலைகளும் நிமிர்ந்தன. ஒரு குட்டி ஓடுவதற்கு உடம்பைத் திருப்பிவிட்டது. ஆனால் யாரும் ஓடவில்லை. எல்லாக் கண்களும் மரத்தைப் பார்த்தன.

மொட்டையன் வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது.

"புலி இல்லை. நம் வளையன் அண்ணன் கால்தான். குடியுங்கள்."

தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்தன. அன்று குட்டிகள் வயிறு உப்பும்வரை குடித்தன.

செவ்வந்தி மட்டும் குடித்து முடித்தும் காதை விறைத்துக்கொண்டு நின்றது.

"நீ ஏன் இப்படி நிற்கிறாய்?" என்றது மருதாயி.

"காவலுக்கு."

"அதற்கு இருபத்தொரு பேர் இருக்கிறோம். படு."

செவ்வந்தி படுத்தது. வெயில் சாயும்வரை எழுந்திருக்கவில்லை. அதுவரை வளையனின் பக்கத்தில் நின்றது, முன்பு சிரித்த அந்த இளமான்.

வளையனின் கால் குணமாகவில்லை. கூட்டம் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது.

நோயாளிக்கு ஒரு துணை வேண்டும். அந்தத் துணைக்கு ஊரே துணையாக வேண்டும்.

அந்த ஆண்டு ஆனி மாதம் பதினான்காம் நாள் காலை, ஓடையின் எதிர்க்கரைக்குப் புலி வந்தது. மொட்டையன் கத்தியது. வளையன் முதலில், மருதாயி கடைசியில் என்று இருபத்துமூன்று மான்களும் இடுக்கைக் கடந்து மேட்டில் ஏறின. புலி தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனது.