இலோமி

"நான் செய்த சொல் அழுகிவிட்டது, அம்மையே" என்றான் சாத்தன்.

குரு நப்பின்னை அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். ஐம்பதைக் கடந்த சாத்தனைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவன் நின்றபடியே பேசினான்.

அந்த மலைக் குடியிருப்புக்குப் பல திசைகளிலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்திருந்தார்கள். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியவில்லை. குரு கேட்டுக்கொண்டதால், எல்லோருக்கும் பொதுவாகச் சாத்தன் ஒரு மொழியை உண்டாக்கினான்.

கணவனை இழந்தவளைக் குறிக்க எந்த ஊர்ச் சொல்லும் அவனுக்குப் பிடிக்கவில்லை. எல்லாமே வசவாகிப் போயிருந்தன. பல நாள் யோசித்து 'இலோமி' என்று ஒரு சொல்லைச் செய்தான். தனியே நிலவு பார்ப்பவள் என்று அதற்குப் பொருள் வைத்தான்.

மாசியில் பாறை சரிந்து வஞ்சியின் கணவன் இறந்தான். அந்தச் சொல் அவள்மேல் போய் உட்கார்ந்தது.

தொடக்கத்தில் இரக்கத்தோடுதான் சொன்னார்கள். பிறகு, விதைப்புக்கு இலோமி வர வேண்டாம் என்றார்கள். கல்யாணப் பந்தலில் இலோமி ஓரமாக உட்காரட்டும் என்றார்கள். கடைசியில் சண்டை வந்தால் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி அப்படித் திட்டிக்கொண்டார்கள். வஞ்சி பொதுப் பந்திக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

முந்தின நாள் சாத்தன் அவளுக்குக் கூழ் கொண்டுபோனான். அவள் கதவைத் திறக்கவில்லை. அந்தச் சொல்லைச் செய்தவர் நீங்கள்தானே என்று உள்ளிருந்தே கேட்டாள்.

இதையெல்லாம் குருவிடம் சொல்லிவிட்டு, "வேறு சொல் செய்து தருகிறேன். இன்னும் மென்மையாக" என்றான்.

குரு கையிலிருந்த காயைக் கீழே வைத்தார்.

"உன் மனைவி இறந்து எவ்வளவு காலம் ஆகிறது?"

"வருஷக்கணக்காகிவிட்டது."

"அதற்குப் பிறகு உன்னை என்ன சொல்லி அழைக்கிறார்கள்?"

"சாத்தன் என்றுதான்."

குரு மறுபடியும் நார் உரிக்கத் தொடங்கினார்.

சாத்தன் விடைபெறாமலே இறங்கிப் போனான்.

ஓடையில் வஞ்சி துணி அலசிக்கொண்டிருந்தாள். கரையில் நின்று, "வஞ்சி" என்று கூப்பிட்டான்.

அவள் நிமிரவில்லை.

கிட்டப் போய் இன்னொரு முறை கூப்பிட்டான்.

அவள் அவனைப் பார்த்தாள். யாரைக் கூப்பிடுகிறான் என்று தெரியாமல், திரும்பித் தன் பின்னால் பார்த்தாள்.