தளும்பாத குடம்

ஒரு ஊர்ல கஸ்பார்னு ஒருத்தன் இருந்தான். கடக்கரையில பொறந்தவன்தான், ஆனா கடல் தொழிலுக்குப் போனதில்ல, வள்ளம் ஓட்ட மட்டும் தெரியும். பஜார்ல செருப்புக்கடை வச்சிருந்தான். அவனுக்கு ஒரு ஆசை. சின்னதா எஞ்சின் வச்ச வள்ளம் ஒண்ணு வாங்கணும், ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட பொண்டாட்டி புள்ளய ஏத்திக்கிட்டு எதுத்தாப்புல இருக்குற தீவுக்குப் போகணும், மீனச் சுட்டுத் தின்னுட்டு வரணும். ஏட்டி வினோ, "ம்" சொல்லு. நான் என்ன செவுத்துக்கா கதை சொல்லுதேன்?

ஆங், அப்படி.

அவன் பொண்டாட்டி பேரு ரெஜினா. அவளுக்கு வள்ளம்னாலே பயம். ஏன்னா கலியாணமாகி ரொம்ப வருசம் புள்ளயில்லாம இருந்து, மாதா கோயில்ல முட்டி தேய நடந்து பெத்த ஒரே புள்ள ஜெசிந்தா. உன்ன மாதிரிதான், ஒரு எடத்துல உக்காராது. "கடல்ல எம்புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன்"ன்னா. கஸ்பார் கெஞ்சினான், கொஞ்சினான், ரெண்டு நாள் சாப்பிடாமக்கூட படுத்துப் பாத்தான். கடைசில அவ, "சரி, ஆனா வள்ளத்த நான்தான் பாத்து எடுப்பேன், எங்கம்மா ஊரு வழக்கப்படி"ன்னு சொல்லிட்டா.

அது என்ன வழக்கம்னா, பொம்பள புள்ள ஏறுற வள்ளத்துல முதல்ல குடத்த ஏத்தணும். தண்ணிய வாய் வரைக்கும் ரொப்பி, நடுப்பலகையில வச்சு, கடல்ல ஒரு சுத்து வரணும். தண்ணி ரொம்ப சிந்துனா வள்ளம் ரொம்ப ஆடுதுன்னு அர்த்தம். அத எடுக்கக் கூடாது.

முதல்ல ஒரு பச்ச வள்ளம். டுப்டுப்டுப்னு போச்சு, டுப்டுப்டுப்னு வந்துச்சு. பாத்தா குடத்துல பாதி இல்ல, கஸ்பார் வேட்டிதான் நனைஞ்சிருக்கு. "இது ஆகாது"ன்னா ரெஜினா.

அப்புறம் ஒரு புது வள்ளம். மேல பந்தல், பளபளன்னு சிவப்பு பெயிண்டு. டுர்ர்ர்னு போயி சர்ர்ருன்னு மணல்ல ஏறுச்சு. ஒரு கை தண்ணிதான் சிந்தியிருந்துச்சு. "இது போதும்டி"ன்னான் கஸ்பார். அதோட விட்டிருக்கலாம். அவ விடுவாளா? "ஒரு கையானாலும் சிந்துச்சுல்ல, இன்னொண்ணு பாப்போம்"ன்னுட்டா. பயத்துக்கும் ஒரு அளவு வேணும்ட்டி.

"ம்."

அப்போ கடக்கரையோரமா இன்னாசின்னு ஒரு கெழவரு. தனிக்கட்ட. அவர்கிட்ட விக்கிறதுக்கு ஒரு வெள்ள வள்ளம். பேரு எழுதியிருந்த எடத்துல பெயிண்ட பூசி மறைச்சிருந்துச்சு. கஸ்பார், "நீங்களும் வாங்க மாமா"ன்னு கூப்பிட்டான். அவரு வள்ளத்துல காலக்கூட வைக்கல. "நீ போயிட்டு வா"ன்னுட்டு மணல்லயே நின்னாரு.

அன்னைக்கு அலைன்னா அலை, தொம்மு தொம்முனு அடிக்குது. வள்ளம் ஏறுது, எறங்குது, சாயுது. திரும்பி வந்தப்போ ரெஜினா எட்டிப் பாத்தா. குடத்துல ஒரு சொட்டு கொறையல! வாய் வரைக்கும் அப்படியே நிக்குது. "இதுதான் நம்ம வள்ளம்"னு சிரிச்சுக்கிட்டே குடத்தத் தூக்கிக் கரையில வச்சா.

வச்சுட்டுப் பாக்குறா. குடத்தோட கழுத்தச் சுத்தி ஈரம். விரலு விரலா ஈரம்.

அதுக்குள்ள கஸ்பார், "புள்ளயும் ஒரு சுத்து வரட்டும்"னு ஜெசிந்தாவ நடுப்பலகையில உக்கார வச்சு வள்ளத்தத் தள்ளிட்டான். "ஏங்க! குடத்த நீங்களா பிடிச்சிருந்தீங்க?"ன்னு கத்துனா.

"எஞ்சின விட்டுட்டு நான் எப்படிட்டி பிடிக்க?"ன்னு சொல்லிக்கிட்டே டுர்ர்ர்னு போயிட்டான்.

ரெஜினா திரும்பி இன்னாசியப் பாத்தா, அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

வள்ளம் கரைக்கு வந்துச்சு. ஒரு எடத்துல உக்காராத புள்ள, ஆடாம அசையாம உக்காந்திருக்கு. "எறங்கு மக்கா"ன்னா ரெஜினா. "முடியலம்மா. ஒரு அக்கா என் இடுப்பப் பிடிச்சிருக்காங்க"ன்னு சொல்லுது.

கஸ்பார் ரெண்டு கையாலயும் புள்ளயப் பிடிச்சு இழுத்தான். வள்ளம்தான் அசஞ்சுச்சு, புள்ள வரல. அப்புறம் சிலுவ போட்டு செபம் சொன்னான். "அப்பா, இறுக்குறாங்கப்பா"ன்னு புள்ள அலறுச்சு.

ரெஜினா ஓடிப்போயி இன்னாசி சட்டயக் கொத்தாப் பிடிச்சா. "யாருய்யா அது?"

"எம்மவ"ன்னாரு. "பெருங்காத்துல இந்த வள்ளம் கவுந்துச்சு. கைப்புள்ளய நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருந்தா. நான்தான், 'விட்ராத தாயி, கெட்டியாப் பிடி, கரை வந்துரும்'னு கத்திக்கிட்டே இருந்தேன். கரையில ஒதுங்குனப்போ அவ கையப் பிரிக்கவே முடியல." மூக்கச் சிந்துனாரு. "உசுரு போன வள்ளத்த எரிச்சிரணும்பாங்க. மவ இருக்குற வள்ளத்த எப்படி எரிப்பேன்? குடும்பமா யாராச்சும் வாங்குனா அவளுக்குத் தொணையாச்சேன்னுதான்…"

"உங்க மவளுக்குத் தொண எம்புள்ளயா? பாவி மனுசா!"

வள்ளத்துக்குள்ள பாஞ்சா ரெஜினா. புள்ள இடுப்புல கைய வச்சா. ஜில்லுனு, ஈரமா, இன்னொரு கை. ஆனா பெத்தவளாச்சே, கைய எடுக்கல. "தாயி, கரை வந்துருச்சு. விட்டுரு"ன்னா.

விடல. கொஞ்ச நேரம் கழிச்சு ஜெசிந்தா மெதுவாச் சொல்லுச்சு. "அம்மா, அக்கா கேக்குறாங்க. பாப்பா பொழச்சிருச்சான்னு."

ரெஜினா இன்னாசியப் பாத்தா. அவரு இல்லன்னு தலைய ஆட்டுனாரு.

ரெஜினா அந்த ஈரக் கையத் தடவிக் குடுத்தா. "பொழச்சிருச்சு தாயி. நீ பிடிச்ச பிடியிலதான் பொழச்சுச்சு. நல்லா இருக்கு. நீ எறங்கு."

ஒரு விரல் விட்டுச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் ஹா…ன்னு ஒரு மூச்சு. வள்ளம், ஆளு எறங்குனாப்புல, லேசா மேல ஏறுச்சு. ரெஜினா புள்ளய வாரிக்கிட்டு மணல்ல விழுந்து கதறுனா. அன்னைக்கே இன்னாசி தன் கையாலயே அந்த வள்ளத்துக்குத் தீ வச்சாரு. கஸ்பார் போயி அந்த சிவப்பு வள்ளத்தயே எடுத்தான்.

"அத்த, பாப்பா செத்துப்போச்சுல்ல? அப்ப அவங்க சொன்னது பொய்யா?"

இன்னும் உறங்கலியா நீ? ஆமா, பொய்தான். பெத்தவ கேக்குறா, வேற என்னத்தட்டி சொல்லுவா?

அந்த ஊர்ல இப்பவும் வள்ளம் மணல்ல ஏறி எல்லாரும் எறங்குன அப்புறம், பொம்பளைங்க வெறும் வள்ளத்தத் திரும்பிப் பாத்து, "கரை வந்துருச்சு, நீங்களும் எறங்குங்க"ன்னு சொல்லிட்டுத்தான் வீட்டுக்குப் போவாங்க. சொல்லிட்டு ஒரு நிமிசம் ஒதுங்கி, வழி விட்டு நிப்பாங்க.

கதை கரை சேந்தாச்சு, கண்ணு ரெண்டும் சேரட்டும். உறங்கு.