காலித் தட்டு

காலை பத்து மணிக்கு டாக்டர் மாசிலாமணி பெண்கள் வார்டுக்குள் ஓடி வந்தபோது, பத்தாம் கட்டிலில் அமலோற்பவம் வியர்வையில் நனைந்து கிடந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கண் திரும்பவில்லை. ரத்தத்தில் சர்க்கரை முப்பத்தாறுக்கு இறங்கியிருந்தது.

குளுக்கோஸ் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அவள் தண்ணீர் கேட்டாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது, முப்பத்தொரு கிலோ. குடிப்பழக்கம் கிடையாது. ஆனாலும் கணையம் பல வருட அழற்சியில் சுருங்கி, எக்ஸ்ரேயில் சுண்ணாம்புக் கற்களாகத் தெரிந்தது. தின்ற கொழுப்பு செரிக்காமல் மலத்தில் எண்ணெயாக மிதந்தது. சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டது. சாப்பாட்டோடு விழுங்கச் செரிமானக் கேப்சூல், இன்று காலை முதல் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின்; அதைப் போட்டபின் சாப்பிடாவிட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும்.

மாசிலாமணிக்கு நாற்பத்தேழு. இருபது வருடம் தாலுகா ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மேல்படிப்புக்கு வந்தவர். அவருடைய ஆசிரியை கமருன்னிசா அவரைவிட எட்டு வயது இளையவர்.

"இன்சுலின் அளவு சரிதான் மேடம். சாப்பிட்டதாக நோட்டிலும் இருக்கு. தட்டு காலியா இருந்ததை நானே பார்த்தேன். எங்கே தப்பு பண்ணினேன்?"

"பன்னிரண்டரைக்குச் சாப்பாடு வரும். வாங்க."

சாப்பாடு வந்தது. சோறு, சாம்பார், ஒரு முட்டை. கமருன்னிசா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டைப் பார்த்ததுமே அமலோற்பவம் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தாள்.

"இன்னும் ஒரு வாய்கூட வைக்கலையே. அதுக்குள்ள ஏன் குனியறீங்க?"

"வலி வருமே டாக்டரம்மா. வந்தப்புறம் குனிய நேரம் இருக்காது."

"காலையில இட்லி சாப்பிட்டீங்களா?"

அவள் மாசிலாமணியைப் பார்த்தாள். "சாப்பிட்டேன்."

பதினோராம் கட்டிலில் இருந்த செல்லத்தாயி சிரித்துவிட்டாள். "இவ எங்கே சாப்பிட்டா? மூணு நாளா ரெண்டு தட்டும் எனக்குத்தான். என் கன்னத்தைப் பாருங்க. கோவிச்சுக்காதடி, காலையில நீ செத்துட்டேன்னே நினைச்சேன்."

"சார்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார் கமருன்னிசா.

அமலோற்பவம் முழங்காலைப் பார்த்தபடி சொன்னாள்: "சாப்பிடலைன்னா மூக்குல குழாய் விட்டுருவேன்னு சார் சொன்னாங்க."

மாசிலாமணிக்கு நினைவு வந்தது. திங்கட்கிழமை, போகிற போக்கில் சொன்னது. தாலுகா ஆஸ்பத்திரியில் நூறு பேரிடமாவது சொல்லியிருப்பார். சொன்ன மறுவேளையே தட்டுகள் காலியாகத் திரும்பும். அவற்றையெல்லாம் யார் காலி செய்தார்கள் என்று இன்றுதான் யோசித்தார்.

கமருன்னிசா நர்ஸிடம் சொன்னார்: "வலி மாத்திரையை இப்பவே கொடுங்க. அரைமணி கழிச்சுச் சாப்பிடட்டும். முதல் வாயோடு கேப்சூல். இன்சுலின் கடைசியில, சாப்பிட்ட அளவுக்குத்தான்."

மாசிலாமணியை வேறொரு நோயாளிக்குக் கூப்பிட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்து அவர் திரும்பினார். செல்லத்தாயியை ஸ்கேனுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அமலோற்பவம் சுவர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். தட்டு காலியாக இருந்தது.

சிரிஞ்சில் இன்சுலினை எடுத்தார். கட்டிலருகே வந்து நின்றார். அதற்குமேல் கை நகரவில்லை. சாப்பிடாதவளுக்குப் போட்டால் காலையில் நடந்தது மறுபடி நடக்கலாம். சாப்பிட்டவளுக்குப் போடாவிட்டால் சர்க்கரை ஏறும்.

வார்டின் மறுகோடியில் கமருன்னிசா கைகழுவிக்கொண்டிருந்தார். மாசிலாமணி அவரிடம் போனார்.

"தட்டு காலி மேடம். எவ்வளவு போடட்டும்?"

"எத்தனை வாய் சாப்பிட்டாங்கன்னு அவங்களையே கேளுங்க."

"மறுபடியும் பொய் சொன்னா?"

கமருன்னிசா குழாயை மூடினார்.

"கையில இருக்கிற ஊசியைக் கீழே வச்சுட்டுக் கேளுங்க."