அம்பலவாணனின் வீட்டுப்பாடம்

எஸ்தர் கிருபா பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நேர்மறை உளவியல் வகுப்பு நடத்தினார். அவருக்கு வயது முப்பத்தாறு. மாணவர்களில் மூத்தவர் அம்பலவாணன். வயது அறுபது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

முப்பத்து நான்கு வருடம் கோளாறு எங்கே என்று தேடியே கழித்தவர் அவர். எது நன்றாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்ல ஒரு படிப்பு இருப்பதே அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஒரு வகுப்பும் தவறவில்லை. தேர்வு வைத்தபோது அவர்தான் முதல்.

ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"நீங்க சொல்லிக் கொடுக்கிறது சரி. நானும் அப்படியே செய்யுதேன். வெளியில எல்லாரும் என்னைப் பார்த்தாலே உற்சாகமா இருக்குன்னு சொல்லுதாங்க. வீட்டுல மட்டும் பலிக்கல. கோளாறு எங்க இருக்கு?"

"வீட்டுல யாரு?"

"நானும் என் சம்சாரமும்தான்."

அவர் மனைவி பெயர் சண்முகவடிவு. எட்டு மாதத்துக்கு முன் இடது கண்ணில் பார்வை போய்விட்டது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறும் நோய். வலி இல்லை, அதனால் தெரியவில்லை. தெரிந்தபோது தாமதமாகிவிட்டிருந்தது. இப்போது வலது கண்ணில் புரை வளர்கிறது. அறுவை சிகிச்சை செய்தால் பார்வை தெளியும், தள்ளிப்போட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வடிவு மாட்டேன் என்கிறாள்.

"அவ மனசைத் தூக்கி நிறுத்தணும்னு நான் என்னென்னவோ செஞ்சேன் மேடம். தினமும் மூணு நல்ல விஷயம் எழுதுற பயிற்சி சொன்னீங்கள்ல? ஃபிரிட்ஜ் மேல ஒரு சார்ட் ஒட்டினேன். சாயங்காலம் காபி குடிச்சதும் அவ மூணு சொல்லணும், நான் எழுதுவேன். ரெண்டு மாசம் சொன்னா. இட்லி நல்லா வந்துச்சு, மழை வரல, துணி காய்ஞ்சிட்டு, இப்படி. பிறகு நிறுத்திட்டா. இப்போ பதினோரு நாளா என்கிட்ட பேச்சே கிடையாது. தங்கச்சி வீட்டுக்கு, கோவில்பட்டிக்குப் போறதுக்குப் பையை எடுத்து வச்சிருக்கா. திரும்பி வருவாளான்னு தெரியல."

சொல்லி முடிக்கும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

எஸ்தர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

"சரி சார். இன்னைக்கு நடந்த மூணு நல்ல விஷயம் சொல்லுங்க."

"மேடம்?"

"மூணு. நான் எழுதிக்கிறேன்."

"மேடம், நான் வீட்டு நிலவரத்தைச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"கேட்டேன். கோவில்பட்டிக்கு நல்ல பஸ் வசதி இருக்கே. அதை முதல்ல எழுதிக்கவா?"

அம்பலவாணனின் முகம் சிவந்தது. சட்டென்று எழுந்தார்.

"முப்பது வருஷம் கூட வாழ்ந்தவ போறேங்கா. நீங்க விளையாடுதீங்க."

அவர் கதவு வரை போய்விட்டார். எஸ்தர் பேனாவை மூடினார்.

"உட்காருங்க சார். பதினோரு நாளைக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

அம்பலவாணன் கதவருகிலேயே நின்றார். பிறகு மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் காலைல, இந்தக் கண்ணும் மங்குதுங்கன்னு சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருக்கிற வெளிச்சத்தைப் பாரு வடிவுன்னேன்."

அவரே தலையைக் குனிந்துகொண்டார். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிப் போனார்கள்.

"அப்போ அந்தப் பயிற்சி தப்பா மேடம்?"

"தப்பில்லை. நான் ஆறு வருஷமா எழுதுறேன்."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நீங்க உங்களுக்கு எத்தனை நாள் எழுதினீங்க?"

அம்பலவாணன் ஒரு நாளும் எழுதியிருக்கவில்லை.

"இந்த வாரம் ஒரு வீட்டுப்பாடம் தர்றேன்," என்றார் எஸ்தர். "அவங்க எது சொன்னாலும், அதைப் பத்தி இன்னொரு கேள்வி கேளுங்க. நல்லதா மாத்திச் சொல்லாதீங்க. ஆறுதல் சொல்லாதீங்க. தெரிஞ்சுக்க மட்டும் கேளுங்க."

"அவதான் பேசவே மாட்டேங்காளே."

"ஊருக்குப் போறதா இருந்தா சொல்லிட்டுத்தானே போவாங்க?"

புதன்கிழமை மாலை வடிவு சொன்னாள்.

அவர் கூடத்தில் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நாளைக்குக் காலைல கோவில்பட்டி போறேன்."

அவருக்குள் பத்து பேச்சு எழுந்தது. ஒவ்வொன்றும் நம்பிக்கை பற்றிய பேச்சு. எல்லாவற்றையும் விழுங்கினார்.

"எத்தனை மணி பஸ்ஸுக்கு?"

வடிவு திரும்பிப் பார்த்தாள். அவள் வேறு ஏதோ எதிர்பார்த்திருந்தாள்.

"எட்டரைக்கு."

அடுத்த கேள்வி எது என்று அவருக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைக் கேட்டார்.

"எந்தப் பக்கம் உட்காருவ?"

"இடது பக்க சன்னலோரம். அங்க உட்கார்ந்தா இந்தப் பக்கம் யாரும் வர முடியாதுல்லா."

"வந்தா என்ன?"

"தெரியமாட்டேங்கு. அன்னைக்கு மார்க்கெட்ல ஒருத்தி இந்தத் தோளைத் தொட்டா. எங்கிருந்து கை வந்துச்சுன்னே தெரியல. அலறிட்டேன். எல்லாரும் பார்த்தாங்க. தக்காளியை அப்படியே போட்டுட்டு வந்துட்டேன்."

"என்னைக்கு?"

"பொங்கலுக்கு முன்னாடி."

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதில் இரண்டு மாதம் அவர் தினமும் அவள் சொல்லச் சொல்ல எழுதியிருந்தார். மார்க்கெட் அதில் எங்கும் இல்லை.

"அதுக்குப் பிறகு மார்க்கெட்டுக்கே போகலையா?"

"போகல. தள்ளுவண்டிக்காரர்கிட்ட வாங்கிக்கிடுதேன்."

"பகல்ல நான் தூங்குற நேரத்துல என்ன செய்வ?"

இதை அவர் வீட்டுப்பாடத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

வடிவு அவர் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நடந்து பழகுதேன்."

"நடந்தா?"

"கண்ணை மூடிக்கிட்டு. இந்தக் கண்ணும் போயிட்டா வேணும்லா. அடுப்படியில இருந்து பாத்ரூமுக்குப் பதினோரு அடி. கட்டில்ல இருந்து வாசலுக்குப் பதினாலு. எண்ணி வச்சிருக்கேன். குடத்தோட நடந்தா ஒண்ணு ரெண்டு கூடுது."

தினமும் மதியம் அவர் ஃபேனுக்கு அடியில் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கிறார். நான்கு அடி தள்ளி இவள் கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

அவர் எழுந்தார். கண்ணை இறுக மூடினார்.

"எனக்குக் காட்டு."

"என்னங்க இது?"

"அடுப்படியில இருந்து பாத்ரூமுக்கு. கூட்டிட்டுப் போ."

வடிவு தயங்கினாள். பிறகு அவர் கையைப் பிடித்தாள். அடுப்படிக்குக் கூட்டிப்போய்த் திருப்பி நிறுத்தினாள்.

"ஒண்ணு. ரெண்டு. அவசரப்படாதீங்க. மூணு."

ஆறாவது அடியில் அவர் முழங்கால் கிரைண்டரில் மோதியது.

"நான் சொல்லுறதுக்குள்ள ஏன் காலை வைக்கீங்க? அதுல நானும் மோதியிருக்கேன். இங்க ஒதுங்கணும். ஏழு. எட்டு."

ஒன்பதாவது அடியில் அவர் நின்றுவிட்டார். அதற்கு மேல் கால் வரவில்லை. எதிரே வெற்றிடம்தான் என்று தெரிந்தும் உடம்பு நம்ப மறுத்தது. வடிவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கு வடிவு."

"ஆமா," என்றாள் அவள். "அப்படித்தான் இருக்கும்."

அவர் கண்ணைத் திறந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். இரண்டு வாரமாக இல்லை, எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை. அழாதே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. இரண்டு பேரும் பாத்ரூம் வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஆபரேஷன்ல இதுவும் போயிட்டா?" என்று அவள் கேட்டாள்.

நூற்றில் எத்தனை பேருக்கு நன்றாக ஆகிறது என்று மருத்துவர் சொன்ன கணக்கு அவருக்கு மனப்பாடம். அதைச் சொல்லவில்லை.

"போயிட்டா உனக்கு எது ரொம்பப் பயம்?"

வடிவு மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்பவும் நீங்க அந்த சார்ட்டைத் தூக்கிக்கிட்டு வந்து, மூணு நல்லது சொல்லுன்னு நிப்பீங்களே. அதை நெனச்சாத்தான்."

அம்பலவாணன் அவளைப் பார்த்தார். அவள் கிண்டல் செய்யவில்லை. ஆனால் சொல்லி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்கு நடுவே வந்த சிரிப்பு. அவராலும் அடக்க முடியவில்லை. எழுந்து போய் ஃபிரிட்ஜில் இருந்த சார்ட்டைக் கிழித்து எடுத்தார்.

மறுநாள் காலை வடிவு சொன்னபடி கோவில்பட்டிக்குக் கிளம்பினாள். வைத்த பையைப் பிரிக்கவில்லை. அம்பலவாணன் தடுக்கவில்லை. தன் சட்டை இரண்டையும் அந்தப் பையிலேயே திணித்துக்கொண்டு கூடவே போனார். பஸ்ஸில் அவளை வலது பக்க சன்னலோரம் உட்கார வைத்து, அவளுக்கு இடது பக்கமாக அவர் உட்கார்ந்தார். வழி நெடுக அவள் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் பார்த்தாள்.

தங்கை வீட்டில் மூன்று நாள் இருந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில், கயத்தாறு தாண்டியதும் வடிவு சொன்னாள்.

"அந்த டாக்டரம்மாகிட்ட தேதி கேளுங்க."

ஏன் மனம் மாறினாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அதையும் கேட்டார்.

"நீங்க ஒன்பதாவது அடியில நின்னுட்டீங்க," என்றாள். "நான் பதினொண்ணும் நடந்துருக்கேன்."

அறுவை சிகிச்சை நடந்த நாளில் அம்பலவாணன் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த ஒருவர், தைரியமா இருங்க சார், நல்லதே நடக்கும் என்றார். பயமா இருக்குங்க என்று இவர் பதில் சொன்னார். அந்த மனிதர் கொஞ்ச நேரம் கழித்து, எனக்கும்தான் என்றார்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். வடிவு மெதுவாக இமையைத் திறந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. மருத்துவர் விரல்களைக் காட்டினார். மூணு என்றாள். ரெண்டு என்றாள். பிறகு தலையைத் திருப்பிக் கணவரை வெகுநேரம் பார்த்தாள்.

"காதுல இவ்வளவு முடி வளர்ந்திருக்கு. யாரும் உங்ககிட்ட சொல்லலையா?"

செவிலியர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கு அடுத்த ஞாயிறு அம்பலவாணன் வகுப்புக்கு வந்தார். மூன்று வாரமாக வராதவர். மற்றவர்கள் வரும் முன்பே வந்து எஸ்தர் முன்னால் உட்கார்ந்து, நடந்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். எஸ்தர் கடைசி வரை கேட்டார்.

"ரொம்ப சந்தோஷம் சார்."

"ஒரே ஒரு சந்தேகம் மேடம்."

"கேளுங்க."

"எதிர் வீட்டுச் சுவரைப் பச்சைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாளாம். இப்போ நீலமாத் தெரியுதாம். காலைல எந்திரிச்சதுல இருந்து சன்னலை விட்டு நகரல. நல்லாவே இல்லை, எந்தப் புண்ணியவான் இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தான்னு ஒரே ஏச்சு. பார்வை கிடைச்சிருக்கு. அதை நெனச்சு சந்தோஷப்படலாம்ல? ஊரான் வீட்டுச் சுவரைக் குறை சொல்லுதா. இனியாவது எதையும் நல்லபடியாப் பார்க்க இவளுக்கு நான் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறது?"

"என்ன நிறம் அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்குமாம்?"

அம்பலவாணன் பதில் சொல்லத் தொடங்கி நிறுத்தினார்.

"தெரியலையே. நான் கேக்கல."

எஸ்தர் எழுந்து போய் வகுப்பறைக் கதவை அவருக்காகத் திறந்துவிட்டார்.

"இன்னைக்கு உங்களுக்கு இங்க வகுப்பு இல்லை சார். சீக்கிரம் போங்க. வெயில் ஏறிட்டா நிறம் வேற மாதிரி தெரியும்."