குக்கரில் அளந்த பூக்கிரீடம்

மகளின் கல்யாண வரவேற்புக்குத் தமயந்தி வீட்டிலேயே பூக்கிரீடம் கட்டினாள். கடையில் வாங்க மகள் சம்மதிக்கவில்லை. அம்மா கட்டினால் வைப்பேன், இல்லாவிட்டால் வெறுந்தலையோடு நிற்பேன் என்று ஒரே பிடி.

தமயந்தியின் கணவர் போய் எட்டு வருஷம். நாத்தனார் பெரிய மனசு பண்ணிப் பாதி அனுமதி கொடுத்தாள்.

"கட்டுறதுன்னா கட்டிக்கோ. உன் தலையில மட்டும் வச்சுப் பாத்துடாத. பொண்ணுக்கு ஆகாது."

இப்படிப் பாதி அனுமதி கொடுக்க எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்.

மத்தியானம் சாமியம்மா ஆசீர்வாதம் செய்ய வந்தார். மொட்டைத் தலை, காவிச் சேலை. தமயந்திக்கு அவர் குரு. ஆனால் வயதில் பத்து வருஷம் இளையவர்; சிஷ்யையை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

தமயந்தி கிரீடத்தை எடுத்து நீட்டினாள். கம்பி தெரியாதபடி ரோஜாவும் சம்பங்கியும் நெருக்கிக் கட்டியிருந்தாள்.

"சாமியம்மா, தாலியறுத்தவ கை பட்டிருக்கு. இது என் பொண்ணுக்கு ஆகுங்களா?"

சாமியம்மா கையை நீட்டினார். அதை வாங்கித் தன் தலையில் வைத்தார். அது நழுவிக் கழுத்தில் மாலையாக விழுந்தது.

"எதுல அளந்தீங்க?"

"குக்கர்லங்க. அஞ்சு லிட்டர் குக்கர்."

"பொண்ணுக்கு என்ன, அவ்வளவு பெரிய தலையா?"

தமயந்தி சிரித்துவிட்டாள். காலையிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. உடனே கண்ணும் கலங்கிவிட்டது.

"அவளுக்கு என் தலை அளவுதாங்க. ஒரே ஹெல்மெட்டத்தான் ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போடுறோம்."

சாமியம்மா கிரீடத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

தமயந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு நூலை எடுத்துத் தன் தலையைச் சுற்றி அளந்தாள். அந்த அளவுக்குக் கம்பியைச் சுருக்கி முறுக்கினாள். தலையில் வைக்காமலே தப்பித்தோம் என்று மூச்சு விட்டாள்.

"அளவு சரியாயிடுச்சு," என்றார் சாமியம்மா. "எங்கயாச்சும் குத்துமா?"

"தெரியலைங்க."

"நூல் சொல்லலையா?"

தமயந்தி நூலைக் கீழே வைத்தாள்.

"பிள்ளை எவ்வளவு நேரம் இத வச்சுக்கிட்டு நிக்கணும்?"

"மூணு மணி நேரம். வர்றவங்க எல்லாருக்கும் சிரிச்சுக்கிட்டே நிக்கணும்."

கிரீடத்தை வாங்கிப் போக மகள் அனுப்பிய கார் வாசலில் ஹாரன் அடித்தது.

தமயந்தி கிரீடத்தைத் தூக்கித் தன் தலையில் வைத்தாள். இடது காதுக்கு மேல் கம்பி முனை சுருக்கென்று குத்தியது.

"ஐயோ, இதோடயே அனுப்பியிருப்பேனே!"

முனையை மடக்கி, நாடாவைச் சுற்றி, மறுபடி வைத்துப் பார்த்தாள். குத்தவில்லை. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாள். அசையாமல் நின்றது. பிள்ளைக்கு வலிக்காது என்ற நிம்மதியில், எடுக்கவே மறந்துபோனாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டாள்.

"சாமியம்மா, யாராச்சும் பாத்துட்டா?"

சாமியம்மா எழுந்து, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி வந்து, அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"மொதல்ல நீங்க பாருங்கக்கா."